கடினமான ஒப்படைக்கு நியாயமான புள்ளி: சீராக்கல் முறைகள் பற்றி ஒரு விளக்கம்

தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் திருத்தப்படும் நாட்களில் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பேச்சு தவறாமல் வரும். வினாத்தாள் கடினமாகிவிட்டது, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டவில்லை, இனி என்ன செய்வது? ஒருவர் சொல்வார்: "எல்லாருக்கும் ஒரு பத்துப் பதினைஞ்சு கூட்டிப் போடுங்களன், புள்ளைகள் பாவம்." மற்றவர் சொல்வார்: "அவனவன் எடுத்ததுதான் அவனவனுக்கு. கூட்டிப் போட்டா அது புள்ளியா, ஸதக்காவா?"

இரண்டு பேச்சிலும் ஒரு நியாயம் உண்டு. எவ்வளவு கூட்டுவது, எந்த முறையில் கூட்டுவது, கூட்டினால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்ற கணக்கு மட்டும் இரண்டிலும் இல்லை. கிழக்கு மாகாணப் பாடசாலைகளில் நீண்ட காலமாகக் கணிதம் படிப்பித்து வருபவன் என்ற வகையில் அந்தக் கணக்கை இங்கே விளக்க முயல்கிறேன். ஆசிரியர்களுக்கு மட்டுமன்றி, தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடும் பெற்றோருக்கும் இது விளங்கவேண்டிய விடயம். ஏனெனில் ஒரு புள்ளையை எந்த வகுப்பில் இருத்துவது, எந்தப் பாடத்தை எடுக்கவிடுவது, சில குடும்பங்களில் அந்தப் புள்ளையை மேலும் படிக்க வைப்பதா இல்லையா என்பதைக்கூட இந்த இலக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன.

மூலப் புள்ளி எதை அளக்கிறது?

ஒரு மாணவிக்கு 38 புள்ளி கிடைத்தது என்றால் பாடத்தில் நூற்றுக்கு 38 பங்கு அவளுக்குத் தெரியும் என்று அர்த்தமில்லை. அந்த 38இல் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன: அவளுடைய அறிவு, வினாக்களின் கடினம், திருத்தியவரின் கை. அதே மாணவிக்கு இலேசான வினாத்தாள் ஒன்றைக் கொடுத்திருந்தால் 60 வந்திருக்கும். அறிவு மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது.

ஆனால் புள்ளியைத் தரமாக மாற்றும்போது அளவுகோல் மாறவே இல்லை என்று நாம் பாவனை செய்கிறோம். சாதாரண தரத்தில் 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ், அதற்குக் கீழே டபிள்யூ என்ற கோடுகள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். தவணைப் பரீட்சைக்கும், வகுப்பில் கொடுக்கும் ஒப்படைக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் இதே கோடுகளைத்தான் பாவிக்கின்றன. கோடு அசையாது, வினாத்தாளின் கடினம் தவணைக்குத் தவணை அசையும். சீராக்கல் என்ற தேவை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

முதலில் காரணத்தைத் தேட வேண்டும்

புள்ளி குறைந்தவுடன் கூட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். வினா கடினமாக இருந்திருக்கலாம். வினாவே பிழையாக இருந்திருக்கலாம். அந்தப் பகுதி சரியாகப் படிப்பிக்கப்படாமல் இருக்கலாம். புள்ளைகள் படிக்காமல் வந்திருக்கலாம். நான்குக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய அளவுகள் உண்டு. முதலாவது, ஒரு வினாவுக்கு எத்தனை பேர் சரியாக விடை எழுதினார்கள் என்ற விகிதம். இதை எளிமைச் சுட்டி என்று சொல்லலாம். நாற்பது பேரில் எட்டுப் பேர் சரி என்றால் 0.2, வினா கடினம். இரண்டாவது, அந்த வினா கெட்டிக்காரரையும் பின்தங்கியவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்பது. மொத்தப் புள்ளியில் மேலே உள்ள 27 சதவீதத்தினரையும் கீழே உள்ள 27 சதவீதத்தினரையும் எடுத்து, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பங்கினர் அந்த வினாவுக்குச் சரியாக எழுதினார்கள் என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது வழக்கம். இந்த 27 என்ற அளவை ட்ரூமன் கெலி என்ற புள்ளிவிபரவியலாளர் 1939இல் கணக்கிட்டுக் காட்டினார்.

கடினமான வினா ஒன்றில் மேல் குழுவில் பாதிப் பேரும் கீழ்க் குழுவில் யாருமின்றியும் சரியாக எழுதியிருந்தால் வினா கடினம், ஆனால் நல்ல வினா. இரண்டு குழுவிலும் ஒரே அளவானோர் எழுதியிருந்தால், அல்லது கீழ்க் குழுதான் கூடுதலாக எழுதியிருந்தால், அந்த வினாவில் ஏதோ கோளாறு இருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கலாம். வேறு மொழியில் தயாரித்த வினாவைத் தமிழாக்கும்போது ஒரு சொல் பிசகியிருக்கலாம். தமிழ் மொழிமூலப் புள்ளைகள் இந்தக் கடைசிச் சங்கடத்தை நன்றாக அறிவார்கள்.

பிழையான வினாவுக்கு இரண்டு பரிகாரங்கள் வழக்கத்தில் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நூறு புள்ளி வினாத்தாளில் பத்துப் புள்ளி வினா ஒன்று பிழை என்று வைத்துக்கொள்வோம். மீதித் தொண்ணூறில் ஒருவர் 45 எடுக்கிறார், இன்னொருவர் 81 எடுக்கிறார். எல்லோருக்கும் அந்தப் பத்தையும் கொடுத்தால் முதலாமவர் 55, இரண்டாமவர் 91. வினாவை நீக்கிவிட்டு 90ஐ நூறாக மாற்றினால் முதலாமவர் 50, இரண்டாமவர் 90. முதல் வழியில் பின்தங்கியவருக்கு ஐந்து புள்ளி கூடுதல் இலாபம், முன்னிற்பவருக்கு ஒன்றுதான். பிழையான வினாவோடு மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைத்த புள்ளைகளை நினைத்தால் முதல் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. எந்த வழியானாலும் எல்லோருக்கும் ஒரே வழியாக இருக்க வேண்டும்.

ஒரு வகுப்பும் நான்கு முறைகளும்

வினாக்களில் பிழையில்லை, ஒப்படை உண்மையாகவே கடினம் என்று வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். விளங்கிக்கொள்வதற்காகப் பத்துப் பேர் கொண்ட ஒரு கற்பனை வகுப்பை எடுக்கிறேன். அவர்களின் மூலப் புள்ளிகள்: 62, 54, 50, 40, 38, 38, 36, 26, 22, 14. கூட்டுத்தொகை 380, இடை 38. வழக்கமான கோடுகளின்படி ஏயும் இல்லை, பியும் இல்லை. சி மூன்று, எஸ் நான்கு, டபிள்யூ மூன்று.

முதலாவது முறை, எல்லோருக்கும் ஒரே அளவு கூட்டுவது. இடையை 55க்குக் கொண்டுவர விரும்பினால் 17 கூட்ட வேண்டும். 62 எடுத்தவருக்கு 79, 14 எடுத்தவருக்கு 31. புள்ளைகளுக்கு இடையிலான தூரம் அப்படியே இருக்கும். சுலபம், விளங்கப்படுத்தவும் இலேசு. ஒரு குறை, வெறும் தாளைக் கொடுத்தவருக்கும் 17 கிடைத்துவிடும்.

இரண்டாவது முறை, முதலாம் புள்ளையை நூறாக்குவது. இதில் 62ஐ 100 ஆக்கும் விகிதத்தால் எல்லோரையும் பெருக்குவார்கள். 54 எடுத்தவர் 87, 50 எடுத்தவர் 81, 26 எடுத்தவர் 42, 14 எடுத்தவர் 23. நமது பாடசாலைகளில் அதிகம் பாவிக்கப்படும் முறைகளில் இதுவும் ஒன்று. இதில் இரண்டு அநீதி இருக்கிறது. மேலே உள்ளவருக்கு 38 புள்ளி கூடுகிறது, கீழே உள்ளவருக்கு ஒன்பதுதான் கூடுகிறது. கடினமான ஒப்படையால் கூடுதலாக அடிபட்டவருக்குக் குறைந்த ஒத்தடம். அடுத்தது, எல்லோருடைய விதியும் ஒரே ஒரு புள்ளையின் கையில் தங்கியிருக்கிறது. வகுப்பில் ஒரு மாணவி 96 எடுத்துவிட்டால் மற்ற யாருக்கும் பெரிதாக ஒன்றும் கூடாது. "உன்னாலதான் எங்களுக்குப் போச்சு" என்று கூட்டாளிமார் அவளோடு பேசாமல் விடுவதை நான் கண்டிருக்கிறேன். கெட்டிக்காரியாக இருப்பது குற்றமாகிவிடும் ஒரு முறை நல்ல முறையாக இருக்க முடியாது.

மூன்றாவது முறை, வர்க்கமூலம். மூலப் புள்ளியின் வர்க்கமூலத்தை எடுத்துப் பத்தால் பெருக்குவது. 62 எடுத்தவருக்கு 79, 36 எடுத்தவருக்கு 60, 14 எடுத்தவருக்கு 37. பூச்சியம் பூச்சியமாகவும் நூறு நூறாகவும் இருக்கும், வரிசையும் குழம்பாது. இதனால் கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பிரியம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முறையில் பன்னிரண்டேகால் புள்ளி எடுத்தவர் 35க்கு வந்துவிடுவார். அதாவது சித்திக்கோடு சத்தமில்லாமல் 35இலிருந்து 12க்கு இறங்கிவிட்டது. அதைத் தெரிந்து செய்வது வேறு, சூத்திரத்தில் போட்டுவிட்டுத் தெரியாமல் செய்வது வேறு.

நான்காவது முறை, இடையையும் நியம விலகலையும் பாவிப்பது. நியம விலகல் என்பது புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. நமது வகுப்பில் அது 14. ஒவ்வொருவருடைய புள்ளியும் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று கண்டு, அதைப் புதிய இடைக்கும் புதிய விலகலுக்கும் மாற்றுவார்கள். புதிய இடை 55, புதிய விலகல் 12 என்று வைத்தால் 62 எடுத்தவருக்கு 76, 50 எடுத்தவருக்கு 65, 26 எடுத்தவருக்கு 45, 14 எடுத்தவருக்கு 34. விஞ்ஞானபூர்வமாகத் தோன்றும். ஆனால் இந்த முறையில் வெறும் தாள் கொடுத்தவருக்கு 22 புள்ளி வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது முதலாம், மூன்றாம், நான்காம் முறைகளின் முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஏ ஒருவருக்குத்தான். மூன்றிலும் பி இருவருக்குத்தான், அதே இருவருக்கு. 40, 38, 38, 36 எடுத்த நால்வரும் மூன்றிலும் சி. 22 எடுத்தவர் மூன்றிலும் எஸ். வித்தியாசம் இரண்டே இரண்டு புள்ளைகளில்தான்: 26 எடுத்தவர் வர்க்கமூல முறையில் சி, மற்ற இரண்டிலும் எஸ். 14 எடுத்தவர் வர்க்கமூல முறையில் எஸ், மற்ற இரண்டிலும் டபிள்யூ.

எந்தச் சூத்திரம் சிறந்தது என்று நாம் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். உண்மையில் வாதம் சூத்திரத்தைப் பற்றியதல்ல, கடைசி இரண்டு மூன்று புள்ளைகளைப் பற்றியது. 14 எடுத்த அந்தப் புள்ளைக்கு அடுத்த பாடத்துக்குப் போகும் அளவுக்கு இந்தப் பாடம் விளங்கியிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது. விடைத்தாளைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மணி வளைவும் பங்கீட்டுத் தரமும்

இன்னொரு முறையும் உண்டு. புள்ளியை மாற்றாமல், மேலிருந்து இத்தனை சதவீதத்தினருக்கு ஏ, அடுத்த இத்தனை சதவீதத்தினருக்கு பி என்று பங்கிடுவது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பித்த மெக்ஸ் மேயர் 1908இல் இப்படியொரு பங்கீட்டை முன்மொழிந்தார்: மிகச் சிறந்தோர் 3 சதவீதம், அடுத்தோர் 22, நடுத்தரத்தோர் 50, அதற்குக் கீழ் 22, தவறியோர் 3. பேராசிரியருக்குப் பேராசிரியர் தாறுமாறாகத் தரம் கொடுப்பதைக் கட்டுப்படுத்துவதே அப்போதைய நோக்கம்.

இயற்கையில் பல அளவுகள் மணி வடிவ வளைவில் பரம்புவது உண்மைதான். ஆனால் அது பெருந்தொகையான, தெரிவு செய்யப்படாத கூட்டத்துக்குரிய விடயம். நமது பத்துப் பேர் வகுப்பில் 3 சதவீதம் என்பது ஒரு புள்ளையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முப்பது பேர் வகுப்பிலும் வளைவு சரியாக அமையும் என்று எந்தப் புள்ளிவிபரவியலாளரும் உத்தரவாதம் தரமாட்டார். அதைவிடப் பெரிய கேடு, எல்லோரும் நன்றாகப் படித்தாலும் யாரோ ஒருவர் தவறியே ஆக வேண்டும் என்பது. அடுத்தவர் மேலே ஏறினால் நான் கீழே இறங்குவேன் என்றால், விளங்காத கணக்கைக் கூட்டாளிக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? பரீட்சைக் காலத்தில் ஒரு வீட்டில் நாலைந்து பெண் புள்ளைகள் கூடியிருந்து படிப்பது நம் ஊர்களில் சாதாரண காட்சி. அதைக் குலைக்கும் புள்ளி முறை நமக்கு வேண்டாம்.

இரண்டு வகுப்பு, இரண்டு ஆசிரியர்

ஒன்பதாம் தர இறுதிப் புள்ளியை வைத்துப் பத்தாம் தரத்தில் ஏ வகுப்பு, பி வகுப்பு என்று பிரிக்கும் பாடசாலைகள் உண்டு. அப்படியொரு பாடசாலையில் மகளைப் படிக்கவிட்டிருந்த ஒரு வாப்பா என்னிடம் வந்தார்.

"சேர், ரெண்டு புள்ளையும் ஒண்டா இருந்துதான் படிக்குதுகள். எண்ட மகளுக்கு 41, தம்பிர மகளுக்கு 68. இவக்கு வேற டீச்சர், அவக்கு வேற டீச்சர். ஒப்படையும் வேற வேற. இப்ப எண்ட மகளப் பி வகுப்பில போட்டிருக்காங்க. வீட்டில உம்மாக்காரி சொல்றா, இவக்குக் கணக்கு ஓடாது, சும்மா ஏன் கஷ்டப்படுத்துவான் எண்டு."

"இருங்க காக்கா," என்று சொல்லி இரண்டு வகுப்பின் புள்ளிகளையும் கேட்டு எடுத்துப் பார்த்தேன். அவருடைய மகளின் வகுப்பில் இடை 35, நியம விலகல் 12. தம்பியின் மகளுடைய வகுப்பில் இடை 66, விலகல் 10. 41 என்பது இடைக்கு மேலே அரை விலகல். 68 என்பது இடைக்கு மேலே ஐந்தில் ஒரு விலகல். தத்தம் வகுப்புக்குள் பார்த்தால் 41 எடுத்தவர்தான் சற்று முன்னால் நிற்கிறார்.

இந்தக் கணக்கை அவருக்குச் சொன்னபோது அதன் நிபந்தனையையும் சேர்த்தே சொன்னேன். இரண்டு வகுப்பிலும் புள்ளைகள் கலந்து, ஏறத்தாழ ஒரே திறமையோடு இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும். கெட்டிக்காரரை எல்லாம் முன்கூட்டியே ஒரு வகுப்பில் திரட்டியிருந்தால், இரண்டு வகுப்பின் இடையையும் சமமாக்குவது அந்த வகுப்புப் புள்ளைகளுக்குச் செய்யும் அநியாயமாகிவிடும். இங்கே இரண்டும் பெயர் வரிசையில் பிரிக்கப்பட்ட வகுப்புகள். ஆகவே வாப்பாவின் முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. எழுத்தில் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். இரண்டு வகுப்புக்கும் பொதுவான ஒரு சோதனை வைத்து மீண்டும் பிரித்தார்கள். அந்தப் புள்ளை எந்த வகுப்புக்குப் போனது என்பதைவிட, கணக்கு ஓடாது என்ற பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது எனக்குப் பெரிதாகப் பட்டது.

நாடளாவிய பாடம்

மேலே சொன்ன நிபந்தனை ஒரு வகுப்பறைச் சங்கதி மட்டுமல்ல. இந்த நாட்டின் பல்கலைக்கழக அனுமதி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 2001ஆம் ஆண்டளவிலிருந்து அனுமதிக்குப் பாவிக்கப்படும் இஸட் புள்ளி, நமது நான்காவது முறையின் முதற்பாதிதான்: மூலப் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பது. ஒரு பாடத்தின் இடை 60, விலகல் 10 என்றால் அதில் 70 எடுத்தவரின் இஸட் புள்ளி 1. வேறொரு பாடத்தின் இடை 45, விலகல் 12.5 என்றால் அதே 70க்கு இஸட் புள்ளி 2. கடினமான பாடத்தை எடுத்தவர் தண்டிக்கப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. மூன்று பாடங்களின் இஸட் புள்ளிகளின் சராசரியே மாணவரின் புள்ளியாகிறது.

2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் சிலரும் புதிய பாடத்திட்டத்தில் சிலரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி கணிக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் அந்தக் கணிப்பு இரத்துச் செய்யப்பட்டு, இரண்டையும் இரு வேறு தொகுதிகளாகக் கொண்டு மீண்டும் கணிக்கும்படி தீர்ப்பானது. வேறு வேறு தாள் எழுதியவர்களை ஒரே இடையோடு ஒப்பிடக்கூடாது என்ற புள்ளிவிபரவியல் உண்மையை அன்று நாடே படித்தது. பல்லாயிரம் புள்ளைகள் அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதற்கு முந்திய அனுபவம் இன்னும் கசப்பானது. 1970களின் ஆரம்பத்தில் மொழிமூல அடிப்படையில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. வெவ்வேறு மொழிகளில் எழுதியோரின் திறமை சமம், புள்ளியில் காணும் வித்தியாசம் அளவுகோலின் வித்தியாசமே என்ற எடுகோளின் மேல் அந்தக் கணக்கு நின்றது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. தரப்படுத்தல் என்ற சொல்லுக்குத் தமிழ் பேசும் மக்களிடையே இன்றைக்கும் உள்ள காரம் அங்கிருந்து வந்ததுதான். சீராக்கும் சூத்திரம் ஒவ்வொன்றின் அடியிலும் யார் யாரோடு சமம் என்ற ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் மாற்றினால், கணக்கு சரியாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

கோட்டை நகர்த்துவது

எனது விருப்பம் புள்ளியைத் தொடாமல் கோட்டை நகர்த்துவதே. நம் நாட்டில் பலர் எழுதும் கேம்பிரிஜ் பரீட்சைகளில் ஒவ்வொரு முறையும் வினாத்தாளின் கடினத்தைப் பார்த்து ஏக்கு இத்தனை, பிக்கு இத்தனை என்று எல்லைகளைப் புதிதாகத் தீர்மானித்து வெளியிடுகிறார்கள். மூலப் புள்ளி மூலப் புள்ளியாகவே இருக்கிறது.

கோட்டை எங்கே வைப்பது? வில்லியம் அங்கொஃப் 1971இல் எழுதியதிலிருந்து பரவிய ஒரு வழி உண்டு. திருத்துவதற்கு முன்பே ஆசிரியர்கள் இருந்து, மட்டுமட்டாகச் சித்தியடையக்கூடிய ஒரு புள்ளையை மனதில் வைத்து, ஒவ்வொரு வினாவிலும் அந்தப் புள்ளை எத்தனை எடுக்கும் என்று மதிப்பிடுவது. இருபது புள்ளி வினாக்கள் ஐந்தில் 10, 7, 5, 2, 1 என்று வந்தால் கூட்டுத்தொகை 25. இந்தக் கடினமான ஒப்படைக்குச் சித்திக்கோடு 35 அல்ல, 25. நமது வகுப்பில் 26 எடுத்தவர் சித்தி. 22உம் 14உம் எடுத்த இருவருக்கும் மறுபடி படிப்பிக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் எத்தனை எடுத்தார்கள் என்பதில் இந்தத் தீர்ப்பு தங்கியிருக்கவில்லை. பாடம் என்ன கேட்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது.

ஒப்படைக்குப் பரீட்சைக்கு இல்லாத இன்னொரு வசதியும் உண்டு. அதைத் திருப்பிக் கொடுக்கலாம். பிழைகளைத் திருத்தி மறுபடி செய்து வந்தால், கூடிய புள்ளியில் பாதியைச் சேர்ப்பது என்று வைக்கலாம். 38 எடுத்தவர் திருத்திச் செய்து 80 எடுத்தால் வித்தியாசம் 42, அதில் பாதி 21, இறுதிப் புள்ளி 59. இந்த 21 ஆசிரியர் போட்ட பிச்சையல்ல, புள்ளை உழைத்து எடுத்தது. ஆனால் வீட்டில் நானாவோ தாத்தாவோ செய்து கொடுக்கும் அபாயம் இருப்பதால் இரண்டாம் தடவையை வகுப்பிலேயே, ஆசிரியரின் கண்முன்னே செய்விக்க வேண்டும். டியூஷனுக்குப் போக வசதியில்லாத புள்ளைக்கும் அப்போதுதான் சம வாய்ப்புக் கிடைக்கும்.

எந்த முறையைத் தெரிந்தாலும் கைக்கொள்ள வேண்டிய சில ஒழுங்குகளைச் சொல்லி முடிக்கிறேன். புள்ளைகளின் பெயரைப் பார்த்த பிறகு முறையைத் தெரியக்கூடாது. முறையைத் தீர்மானித்த பிறகே பட்டியலைத் திறக்க வேண்டும். சீராக்கலால் எவருடைய புள்ளியும் குறையக்கூடாது. கூடுதலாக எடுத்தவர் குறைவாக எடுத்தவருக்குக் கீழே போகக்கூடாது. வெறும் தாளுக்குப் புள்ளி ஏறக்கூடாது. மூலப் புள்ளியையும் சீராக்கிய புள்ளியையும் பதிவேட்டில் இரு நிரல்களாக எழுதி, செய்த முறையை ஒரு வரியில் குறிக்க வேண்டும். எந்தப் பெற்றோர் வந்து கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

புள்ளி என்பது ஆசிரியரின் சொந்தச் சொத்தல்ல. புள்ளையின் உழைப்புக்கு அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் ஏன் என்று சொல்லக்கூடிய கணக்கு அவரிடம் இருக்க வேண்டும். வருகின்ற தவணையிலாவது வினாத்தாள் கட்டைத் திறக்கும் முன் ஒரு பத்து நிமிடம் பாட ஆசிரியர்கள் கூடியிருந்து இதைப் பேசிக்கொள்வார்களாயின், ஓய்வறையில் நடக்கும் அந்தப் பழைய வாதத்துக்குப் பெரும்பாலும் தேவையே வராது.